சாமி அறையில் ஒட்டிய கட்டத்தாள்

"…வேறை என்ன சொன்னாலும் கேக்கிறன் டொக்டர், அதை மட்டும் அங்கையிருந்து கழட்டச் சொல்லாதேங்கோ."

பரமேஸ்வரி அம்மா இதைச் சொன்னபோது நான் கமராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் உள்ள கண் கிளினிக்கின் படமெடுக்கும் அறை அது. அவர் நாற்காலியில் இருந்தார், கைப்பை மடியில். டொக்டர் எதிரே நின்றார். 'அது' என்று அவர் சொன்னது உள்ளங்கை அகலத்தில் ஒரு கடதாசி. அதில் சதுரச் சதுரமாகக் கோடுகள், நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. கண்ணில் புதிதாகக் கோளாறு ஏதும் தொடங்குகிறதா என்று நோயாளி வீட்டிலேயே பார்த்துக்கொள்ள நாங்கள் கொடுப்பது. அதை அவர் தமது அடுக்குமாடிப் பிளட்டில் சாமி அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். டொக்டர் கழட்டச் சொன்னார். அவர் மாட்டேன் என்றார். அப்போது அவருடைய இடது கண்ணில் நடுப்பார்வை பழுதாகிவிட்டது. வலது கண்ணாவது மிஞ்சுமா என்பதற்காகத்தான் அந்த வாக்குவாதம்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. நான் வேலையிலிருந்து நின்ற பிறகு கிளினிக்குக்குப் புதிய கமரா வந்தது. கண்மணியைத் தானே தேடிப் பிடிக்கிறது, தானே படம் எடுக்கிறது, விழித்திரையில் மஞ்சள் புள்ளி இருந்தால் தானே வட்டம் போட்டுக் காட்டுகிறது. இப்போது அந்த அறையில் வேலைசெய்யும் இரண்டு பெண்கள் ஒரு நாள் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டு வைத்து, "அங்கிள், இந்த மெஷின் இல்லாத காலத்தில நீங்க என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். கேலியும் இருந்தது, உண்மையான கேள்வியும் இருந்தது. நல்ல மெஷின்தான். என் படங்களைவிடத் தெளிவு. ஆனால் அந்தக் கேள்விக்குத் தேநீர் முடிவதற்குள் பதில் சொல்லிவிட முடியவில்லை.

நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். அப்பா தோட்டத்தை விட்டு வந்து புறக்கோட்டையில் மூட்டை தூக்கியவர். எனக்குப் படிப்பு ஓ.எல். பரீட்சையோடு நின்றது. பிறகு ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்து அடையாள அட்டைப் படம், கலியாணம், தேவாலயத்தில் முதல் நன்மை, செத்த வீடு என்று எல்லாவற்றுக்கும் போனேன். ஆட்கள் தங்கள் தங்கள் போனிலேயே படம் எடுக்கத் தொடங்கிய பிறகு ஸ்டூடியோவில் ஈ ஓட்டினோம். அந்த நாட்களில்தான் டொக்டர் கடவுச்சீட்டுப் படத்துக்கு வந்தார். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, டொக்டர் என்றே எழுதுகிறேன்.

நான் படம் எடுத்து முடித்ததும் அவர் எழும்பவில்லை. "நான் கண்ணைச் சிமிட்டின உடனை எடுத்தனீங்கள். ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார்.

"யாரும் இல்லங்க. ஒரு தடவ சிமிட்டிட்டா அடுத்த சிமிட்டலுக்குக் கொஞ்சம் நேரம் கெடைக்கும். அதுக்குள்ள எடுத்துடுவேன்."

"என்னட்டையும் ஒரு கமரா இருக்கு. முகம் தேவையில்லை, கண்ணுக்குள்ளை மட்டும் எடுக்கவேணும். வாறீங்களோ?"

போனேன். படம் எடுக்கத் தெரிந்தால் போதும், கண்ணைத் தான் சொல்லித் தருவதாகச் சொன்னார். அப்படியே சொல்லியும் தந்தார். அதில் நான் பட்ட பாட்டை எழுதினால் வேறு கட்டுரை ஆகிவிடும்.

செய்கிற வேலை இதுதான். முதலில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை ஆளை வெளியே இருத்த வேண்டும். பிறகு அறைக்குள் கூட்டிவந்து கறுப்புத் திரையை இழுத்துவிட வேண்டும். கண் விரிந்திருக்க இருட்டு உதவும். நாடியை, அதாவது முகவாயை, தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டியில் ஒட்டச் சொல்வோம். வயதானவர்கள் கதைக்கத் தொடங்கினால் நெற்றி விலகிவிடும், அதனால் கேள்வி கேட்கக் கூடாது, நாமே கதைக்க வேண்டும். உள்ளே ஒரு பச்சை வெளிச்சம் தெரியும், அதையே பார்க்கச் சொல்வோம். நான் பிடியை அசைத்து அசைத்து உள்ளே போவேன். முதலில் தெரிவது ஒரு மங்கலான செம்மஞ்சள் நிறம். கொஞ்சம் கொஞ்சமாக இரத்தக் குழாய்கள் தெளியும். அவை எல்லாம் வந்து சேரும் வெளிறிய வட்டம் ஒரு பக்கம், அதிலிருந்து சற்றுத் தள்ளி, குழாய்கள் ஒதுங்கி நிற்கும் கருஞ்சிவப்பான ஓர் இடம். அதுதான் விழித்திரையின் நடு. வாசிப்பது, முகம் அறிவது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் தயவு. இமை தொங்கினால் படத்தின் மேலே நிழல் விழும். கமரா ஒரு மயிரிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளையாகப் பிறை விழும். எல்லாம் சரிவந்ததும், "ஒருக்கா சிமிட்டுங்க" என்பேன். சிமிட்டியதும் கண்ணின் மேல் ஈரம் சமமாகப் பரவும். அந்த நொடியில் வெளிச்சம்.

எங்கள் அறைக்கு இன்னும் இரண்டு தொல்லைகள் இருந்தன. ஒன்று கடற்காற்று. கண்ணாடியில் உப்புப் படிந்தால் அது படத்தில் வெளிறிய புள்ளியாக விழும். காலையில் வந்ததும் துடைக்க வேண்டும், மத்தியானமும் துடைக்க வேண்டும். மற்றது ரயில். கரையோரப் பாதை எங்கள் பின்மதிலுக்கு அந்தப் பக்கம். ரயில் போனால் மேசை நடுங்கும், மேசை நடுங்கினால் குழாய்கள் எல்லாம் இரட்டை இரட்டையாக விழும். ஆளை நாடி வைத்தபடியே இருத்திவிட்டு, "தெஹிவளைப் பக்கம் போறது போயிடட்டும்" என்று காத்திருப்பேன். டொக்டர் வெளியே வேறு நோயாளியோடு கதைத்துக்கொண்டிருந்தாலும் ரயில் சத்தம் கேட்டால், "இப்ப எடுக்காதேங்கோ" என்று ஒரு குரல் கொடுப்பார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் கொடுப்பார்.

எனக்குப் படிப்புக் குறைவு, காது கூர்மை. ஆட்கள் தங்கள் கண்ணைப் பற்றிச் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பேன். மட்டக்குளியிலிருந்து வந்த மீன்பிடிக்காரர் ஒருவர், "நடுவுல வலை கிழிஞ்சு போச்சு தம்பி. சுத்திவர எல்லாம் சிக்குது, பாக்கப்போற சாமான் மட்டும் தப்பிப் போகுது" என்றார். புறக்கோட்டைத் துணிக்கடை முஸ்லிம் நாநா ஒருவர், "சாரிட போடர் தெரியுது, நடுவுக்கு டிசைனைக் காணல்ல" என்றார். ஓய்வுபெற்ற சிங்கள பஸ் சாரதி ஒருவர், "மூண பேன்னே நே, மல்லி" என்றார். ஆள் தெரிகிறது, முகம் தெரியவில்லை என்று. மனைவியை நடையை வைத்துத்தான் அடையாளம் பிடிப்பாராம். கொட்டாஞ்சேனை அக்கா ஒருவர் வெளிச்சம் அடித்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இவ்வளவு லைட்டப் போட்டுத் தேடுறியே, என்னத்தத் தொலைச்ச?" என்று கேட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பு வரும்.

ஆனால் இப்படி எல்லாம் சொல்லக்கூடியவர்கள் பிந்தி வந்தவர்கள். வயதோடு விழித்திரையின் நடு தேயத் தொடங்கும்போது, ஆரம்பத்தில் சொல்வதற்கு ஒன்றுமே இருக்காது. மருந்துக் கடை போர்ட்டை வாசிப்பார்கள், அரிசியில் கல் பொறுக்குவார்கள். 'எனக்கு எல்லாம் வடிவாத் தெரியுது' என்பதுதான் அவர்களுடைய பேச்சு. டொக்டர் நம்பாத பேச்சும் அதுதான்.

டொக்டரின் போக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படம் கணினித் திரையில் வந்ததும் அவர் நோயாளியைக் கேட்கமாட்டார், பழைய குறிப்பைப் பார்க்கமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று படத்தை மட்டும் பார்ப்பார். பிறகு என்னிடம், "எங்கை?" என்பார். ஆரம்பத்தில் நான், "இது அந்த வருத்தம் மாதிரி இருக்கு டொக்டர்" என்று ஏதோ பெயர் சொல்லப் போனேன். "என்ன எண்டு நான் கேக்கேல்லை. எங்கை எண்டு சொல்லுங்கோ" என்றார். அதன் பிறகு நான் இடம் மட்டும் சொல்வேன். நடுவுக்கு மேலே, வெளிப்பக்கம், இரண்டாவது குழாய் பிரிகிற சந்திக்குக் கீழே. அது என்ன என்பதை அவர் சொல்வார். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து, அதே சந்தி, அதே வளைவு என்று குழாய் குழாயாகப் போவார். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் எடுத்தாக வேண்டும். சற்று விலகியிருந்தால் திட்டமாட்டார். "இன்னொருக்கா" என்பார். அந்தச் சொல்லுக்கு நான் பயப்பட்டதுபோல் எந்த முதலாளியின் ஏச்சுக்கும் பயந்ததில்லை.

நோயாளியிடம், "பயப்பிடாதேங்கோ" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருநாள் கேட்டேன், ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று. "பயப்பிட வேண்டாம் எண்டு சொன்னா அவை பிறகு வரமாட்டினம்" என்றார்.

அவருடைய இன்னொரு வழக்கம், நோயாளியோடு கூட வருபவர்களையும் இருத்தி எடுப்பது. அறுபதைத் தாண்டிய மனைவியோ அண்ணனோ வாசலோரம் வாங்குப் பலகையில் இருந்தால், "அவையையும் எடுங்கோ" என்பார். கூட்டிக்கொண்டு வருகிறவரை ஒருவரும் கூட்டிக்கொண்டு வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

பரமேஸ்வரி அம்மா அப்படித்தான் வந்தார். நோயாளி அவருடைய கணவர், தம்பிராசா ஐயா. தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். சீனி வருத்தம், அதற்கு மேல் ஒரு பக்கம் இழுத்து, கை கால் சரியாக வழங்காது. பிள்ளைகள் கனடாவில். மூன்றாம் மாடி பிளட்டில் இவர்கள் இருவரும்தான். அவருடைய படத்தை எடுத்து முடித்த பிறகு, "அம்மா, நீங்களும் வந்து இருங்க" என்றேன்.

"எனக்கேன் தம்பி? எனக்கு எல்லாம் வடிவாத் தெரியுது. நான்தான் இவருக்கு ஒவ்வொரு நாளும் இன்சுலின் இழுக்கிறனான். உந்த ஊசியிலை இருக்கிற கோடெல்லாம் எறும்பின்ரை கால் மாதிரி. பிழைச்சா ஆள் மயங்கி விழுந்திடுவார். ஒரு நாளும் பிழைக்கேல்லை."

"அப்பிடியெண்டா எடுக்கட்டுமன்," என்றார் கணவர் வாங்கில் இருந்தபடி. "எனக்கு ஊசி போடுற ஆளின்ரை கண் எப்பிடி இருக்கெண்டு நானும் தெரிஞ்சுகொள்ளத்தானே வேணும்."

"உங்களுக்குக் குத்திறதுக்குக் கண் தேவையில்லை. கோவம் போதும்," என்று சொல்லிக்கொண்டே வந்து இருந்தார்.

படம் நன்றாக விழுந்தது. டொக்டர் வழக்கம்போல் நின்று பார்த்தார். "எங்கை?" என்றார். இரண்டு கண்ணிலும், நடுவைச் சுற்றி, வெளிறிய மஞ்சளில் புள்ளிகள். மெழுகு சிந்தினாற்போல். என் கண்ணாடியில் உப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். காலையில் துடைத்தது, மத்தியானம் துடைத்தது. அதோடு, உப்பு என்றால் எல்லோருடைய படத்திலும் ஒரே இடத்தில் விழும். தம்பிராசா ஐயாவின் படத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே இடங்களைச் சொன்னேன்.

டொக்டர் பரமேஸ்வரி அம்மாவைக் கணினித் திரைக்கு முன்னால் இருத்திக் காட்டினார். "இது வயசோடை வாற தேய்மானத்தின்ரை தொடக்கம். இப்ப உங்களுக்கு ஒண்டும் தெரியாது. கன பேருக்கு இப்பிடியே நிண்டுவிடும். சில பேருக்கு ஒரு நாள் புள்ளிக்குக் கீழை புது இரத்தக் குழாய் முளைச்சுக் கசியும். கசிஞ்சா நேர் கோடு வளைஞ்சு தெரியும். வளைஞ்ச உடனை வந்தா மருந்து இருக்கு. பிந்தி வந்தா, போனது போனதுதான்."

"போனா ஊசி இழுக்க ஏலாதோ?"

"ஏலாது."

அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் கட்டத்தாளைக் கொடுத்தோம். வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்தி, நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். பிறகு மற்றக் கண்ணைப் பொத்திப் பார்க்க வேண்டும். கோடு வளைந்தாலோ கட்டம் மறைந்தாலோ உடனே வர வேண்டும். டொக்டர் சொன்னார், நானும் ஒருமுறை சொன்னேன். அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் செய்தும் காட்டினேன். "ஒவ்வொரு நாளும் கண்ணில் படுற இடத்தில ஒட்டுங்கம்மா" என்றேன். தலையாட்டினார்.

அதன் பிறகு சொன்ன தவணைக்கு வந்தார். புள்ளிகள் அப்படியே இருந்தன. கட்டத்தாள் பார்க்கிறீர்களா என்று கேட்டால், "ஒரு நாளும் விடேல்லை" என்பார். ஒரு தவணை தவறியது. தம்பிராசா ஐயா ஆசுபத்திரியில் இருந்தாராம், நெஞ்சில் சளி. அவர் தேறி, அடுத்த பரிசோதனைக்கு வந்தபோதுதான் பரமேஸ்வரி அம்மாவும் வந்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. ஊசி இழுக்கிறாரா? இழுக்கிறார். பஸ் நம்பர் தெரிகிறதா? தெரிகிறது. ஆனால் இடது கண்ணுக்குள் போகும்போதே எனக்குப் பிடியில் இருந்த கை நின்றுவிட்டது. நடுவின் ஓரத்தில் சாம்பல் நிறமாக ஒரு மேடு, அதன் விளிம்பில் நூல் போல இரத்தம். பின்னால் ரயில் போனது. போகும்வரை காத்திருந்து எடுத்தேன்.

டொக்டர் பார்த்தார். "எங்கை?" என்று கேட்கவில்லை.

"கட்டத்தாள் பாக்கிறனீங்களோ?" என்று அவரிடம் கேட்டார்.

"ஒவ்வொரு நாளும், டொக்டர். விளக்கு வைக்கேக்கை பாப்பன். ஒரு கோடும் வளையேல்லை."

டொக்டர் என்னைப் பார்த்தார், நான் படத்தைப் பார்த்தேன். வளையாமல் இருக்க முடியாது. அந்தப் படத்தில் இருப்பது உண்மையானால் அந்தக் கண்ணுக்குக் கட்டங்கள் சுருட்டிய பாய் மாதிரித்தான் தெரியும்.

"எங்கை ஒட்டியிருக்கிறீங்கள்?"

"சாமி அறையிலை. பிள்ளையார் படத்துக்குப் பக்கத்திலை. தம்பிதானே ஒவ்வொரு நாளும் கண்ணிலை படுற இடத்திலை ஒட்டச் சொன்னவர். நான் ஒவ்வொரு நாளும் தவறாமல் நிக்கிற இடம் அதுதான்."

"எப்பிடிப் பாக்கிறனீங்கள்? இந்தச் சுவரிலை இருக்கிறதைப் பாத்துக் காட்டுங்கோ."

அவர் எழும்பினார். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, கட்டத்தாளுக்கு முன்னால் நின்று கைகூப்பினார். இரண்டு கண்ணையும் அகலத் திறந்து நடுப்புள்ளியைப் பார்த்தார். உதடு மெல்ல அசைந்தது.

"ஒரு கண்ணைப் பொத்திப் பாக்கச் சொன்னதெல்லோ?"

"சாமிக்கு முன்னாலையோ?" என்று அவர் கேட்டார். டொக்டருக்கு இது ஏன் விளங்கவில்லை என்கிற மாதிரி. "சாமிக்கு முன்னாலை ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு நிக்கிறதே, டொக்டர்? ஆரும் கண்டா என்ன நினைப்பினம்? அவர் என்ன நினைப்பார்?"

எங்களுக்கு இது தோன்றவே இல்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். கோடு வளைந்தது மூளைக்கே போய்ச் சேராது. அவர் ஒரு நாள் தவறாமல் பார்த்தார், அத்தனை பக்தியாகப் பார்த்தார், ஒரு நாளும் அந்தக் கண்ணால் பார்க்கவில்லை.

"இப்ப சாமி இல்லை. நான்தான் நிக்கிறன்," என்றார் டொக்டர். "வலது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பாருங்கோ."

பொத்தினார். டொக்டரின் முகத்தைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சரித்துப் பார்த்தார், மறுபக்கம் சரித்துப் பார்த்தார். கையை எடுத்தார், மறுபடியும் பொத்தினார்.

"டொக்டர், உங்கடை மூக்கைக் காணேல்லை," என்றார்.

கண்ணுக்குள் மருந்து ஏற்ற வேண்டும் என்று டொக்டர் சொன்னார். "கண்ணுக்குள்ளையோ?" என்று கேட்டு, தாமே தலையாட்டிக்கொண்டார். "சரி. நான் இவருக்கு எத்தினை குத்துக் குத்தியிருப்பன். எனக்கும் ஒருக்கா வேணும்தானே." வாங்கிலிருந்து தம்பிராசா ஐயா, "நான் ஆரிட்டையும் சொல்லி ஏற்பாடு செய்யேல்லை, பரமேஸ்," என்றார். அம்மா சிரித்தார். சிரித்தபடியே சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்ததை நான் கண்டேன், பார்க்காத மாதிரி கமராவுக்கு மூடி போட்டேன்.

மாதத்துக்கு மாதம் வந்து ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் நான் படம் எடுத்தேன், அதே கோணம், அதே சந்தி. இரத்தம் வற்றியது. மேடு தணிந்தது. ஆனால் தணிந்த இடத்தில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. டொக்டரின் மூக்கு திரும்பி வந்தது, கொஞ்சம் கோணலாக. வாசிக்கிற அளவுக்கு அந்தக் கண் வரவில்லை. இனி ஊசிக் கோடுகளைப் பார்ப்பது வலது கண் ஒன்றுதான். அதில் அந்த மஞ்சள் புள்ளிகள் அப்படியே இருந்தன, கூடவும் இல்லை குறையவும் இல்லை. அது கசியத் தொடங்கினால் தொடங்கிய உடனே தெரிந்தாக வேண்டும். இடது கண்ணில் நடந்ததுபோல் நடந்தால், மூன்றாம் மாடியில் இருக்கிற இரண்டு பேருக்கும் சேர்த்து இருக்கிற ஒரே கண் போய்விடும்.

அந்த நாட்களிலிருந்து டொக்டர் ஒரு வழக்கம் வைத்தார். கட்டத்தாள் கொடுத்த எவரிடமும் 'பார்க்கிறீர்களா' என்று கேட்பதில்லை. "எங்கை ஒட்டினீங்கள்? எப்பிடிப் பாக்கிறனீங்கள்? செய்து காட்டுங்கோ" என்பார். ஆட்கள் செய்து காட்டியவற்றை எல்லாம் எழுதப் போனால் முடியாது. அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, தலை வாரும்போது தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் உண்டு. கசங்கிவிடும் என்று பைபிளுக்குள் வைத்து மூடியவர் உண்டு. புதிய கமராவோடு வேலைசெய்யும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைத்தது இதைத்தான். புள்ளி எங்கே என்று மெஷின் சொல்லும். கடதாசி எங்கே என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இனி தொடக்கத்தில் சொன்ன அந்த நாளுக்கு வருகிறேன். மருந்து ஏற்றும் தவணைகள் தள்ளிப் போகத் தொடங்கியிருந்த நேரம். டொக்டர் தீர்மானமாகச் சொன்னார், தாளைச் சாமி அறையிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும்படி. அங்கே யாருக்கு முன்னாலும் நிற்கத் தேவையில்லை, தாராளமாகக் கண்ணைப் பொத்தலாம்.

"பிரிஜ்ஜிலை ஒட்டினா நான் மறந்துபோவன், டொக்டர்," என்றார் பரமேஸ்வரி அம்மா. "அதிலை பிள்ளையளின்ரை படம் இருக்கு, காஸ்காரன்ரை போன் நம்பர் இருக்கு, கலண்டர் இருக்கு. நான் ஒண்டையும் பாக்கிறேல்லை. இவர் ஆசுபத்திரியிலை கிடந்த நேரம் நான் சாப்பிட மறந்தனான், குளிசை போட மறந்தனான். விளக்கு வைக்க மறக்கேல்லை. நீங்கள் வேறை என்ன சொன்னாலும் கேக்கிறன் டொக்டர், அதை மட்டும் அங்கையிருந்து கழட்டச் சொல்லாதேங்கோ."

அந்த அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. தாள் அங்கே இருந்தால் ஒவ்வொரு நாளும் பார்ப்பார், ஆனால் கண்ணைப் பொத்தமாட்டார். வேறு இடத்தில் இருந்தால் பொத்துவார், ஆனால் பார்க்கமாட்டார்.

பரமேஸ்வரி அம்மா கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழும்பினார். அறையின் குறுக்கே ஒதுக்கியிருந்த கறுப்புத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உது முழுக்க வருமோ?"

"வரும்மா," என்றேன்.

"கோயிலிலை திரை போட்ட பிறகு உள்ளுக்கை என்ன நடக்குதெண்டு ஆரும் கேக்கிறேல்லைத்தானே. வீட்டிலை பிள்ளையாருக்கும் ஒண்டு போட்டிட்டாச் சரி," என்று சொல்லிக்கொண்டே திரையின் நுனியைப் பிடித்து, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும் இழுத்தார். டொக்டர் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். நான் மேசை விளக்கைப் போட்டேன். அவர் கைப்பையிலிருந்து வாசிக்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். சுவரில் இருந்த கட்டத்தாளுக்கு முன்னால் போய் நின்று, உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்தினார்.

"நடுவிலை கொஞ்சம் நசிஞ்சிருக்கு. போன முறை மாதிரித்தான்," என்று திரைக்கு அந்தப் பக்கம் கேட்கச் சொன்னார். பிறகு கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினார். இந்த முறை கனநேரம் பார்த்தார். கோடு கோடாகப் போகிறார் என்பது அவர் நாடி அசைந்ததில் தெரிந்தது. "இதிலை எல்லாம் நேர், டொக்டர்."

கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். திரையை வந்த வழியே இழுத்து ஒதுக்கினார். அங்கே டொக்டர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பரமேஸ்வரி அம்மா அவருக்கு முன்னால் நேராக நின்று, இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, கைகூப்பினார்.